கறுப்பு வரையாத கண்ணாடி

முகத்தில் ஏறிய திரை – 7

கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் 1968இல் கூரையிலிருந்து தொங்கவிட்ட, தலையில் மாட்டும் கருவியைப் போன வாரம் பார்த்தோம். அதற்குள் தெரிந்தது வெறும் கோடுகளால் ஆன கனசதுரம். அரை நூற்றாண்டு கழித்து, அந்த இடத்தில் ஓர் ஆளே வந்து நின்றார்.

2019 பிப்ரவரியில் லண்டன் செர்பன்டைன் கேலரிக்குப் போனவர்களுக்கு ‘மேஜிக் லீப்’ கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். அறை நடுவே கயிறு கட்டிய ஐந்து மீட்டர் வட்டம். வெறும் கண்ணுக்கு அது காலித் தரை. கண்ணாடி வழியே பார்த்தால், நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச் சிவப்பு உடையில் உள்ளே நடந்துகொண்டிருப்பார். ‘தி லைஃப்’ என்ற அந்தப் படைப்பு 19 நிமிடம். நடப்பார், நிற்பார், கரைந்து போய் மறுபடி தோன்றுவார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சலித்துக்கொண்ட விமர்சகர்கள் உண்டு. என் கண் போவது அந்தக் கயிற்றின் மேலும் சிவப்பு உடையின் மேலும்தான். தெரிந்து செய்தார்களோ என்னவோ, இரண்டும் கண்ணாடியின் பலவீனத்துக்குத் தோதாக அமைந்துவிட்டன.

உடையை எடுத்துக்கொள்வோம். இந்த வகை ஆக்மென்டட் ரியாலிட்டி கண்ணாடியில் ஒரு பொடி ப்ரொஜெக்டர் உண்டு. அதன் ஒளி கண்ணாடிச் சில்லுக்குள் புகுந்து, உள்ளேயே முட்டி முட்டி நகர்ந்து, கண்ணுக்கு நேராக வந்ததும் வெளியேறுகிறது. வெளியுலகின் ஒளியும் அதே சில்லைத் தாண்டித்தான் வருகிறது. ஆக, இருக்கிற ஒளியோடு இன்னும் கொஞ்சம் ஒளியைச் சேர்க்கத்தான் இந்தக் கருவிக்குத் தெரியும், கழிக்கத் தெரியாது. மேட்னி ஷோ நடக்கும்போது தியேட்டர் கதவைத் திறந்துவிட்டால் திரையில் இருட்டுக் காட்சி என்ன ஆகும்? அதே கதைதான். கறுப்பு என்று வரைந்த இடமெல்லாம் ஓட்டையாகி, பின்னால் இருக்கிற சுவர் தெரியும். பளிச்சென்ற சிவப்பு தப்பிக்கும். கருங்கூந்தல் தப்பிக்காது.

நிழலும் விழாது. நிழல் இல்லாத உருவம் தரையில் காலூன்றாமல் மிதக்கும். மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடிக்கு நிரல் எழுதியவர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்: நிழலை வரையாதே, நிழல் விழவேண்டிய இடத்தைச் சுற்றி மெல்லிய வெளிச்சம் பூசு. பூசாமல் விட்ட இடம் நிழலாகத் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நடந்த ஆகச்சிறந்த ஓவிய வேலை இதுதான்.

இனி கயிறு. ஹோலோலென்ஸில் கண்ணின் குவியம் சுமார் இரண்டு மீட்டரிலேயே நிலைத்துவிடுகிறது. உருவம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தால் இரு விழிகளும் உள்நோக்கித் திரும்பும், குவியமோ இரண்டு மீட்டரிலேயே நிற்கும். இந்த இழுபறியில் கண் வலிக்கும், தலை வலிக்கும். மேஜிக் லீப் இரண்டு குவிய தூரங்களை வைத்துச் சமாளிக்கப் பார்த்தது. போதவில்லை. கிட்டே போனால் இன்னொரு தொல்லை: பார்வைப்பரப்பு குறுகல் என்பதால் ஆள் தலையோ காலோ இல்லாமல் வெட்டுப்படுவார். கயிறு இரண்டையும் தடுத்தது.

மேஜிக் லீப் நிறுவனம்தான் ஒரு பள்ளி ஜிம்னேசியத்தின் தரையைப் பிளந்துகொண்டு திமிங்கிலம் பாய்வதாகக் காட்டி ஊரை மயக்கியது. கண்ணாடி வழியே எடுத்த காட்சியல்ல, கிராஃபிக்ஸ். 2018இல் 2,295 டாலருக்குக் கருவி கடைக்கு வந்தது. அந்தத் திமிங்கிலத்தை அதில் தேடியவர்களுக்கு ஏமாற்றம்தான் மிச்சம். அதற்குள் முதலீட்டாளர்களிடம் திரட்டிய பணம் 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

திமிங்கிலத்தைவிட ஒரு பியானோக்காரர் நன்றாக எடுபட்டார். இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோ 2023 மார்ச்சில் காலமானார். ஜூனில் நியூயார்க்கின் ‘தி ஷெட்’ அரங்கில் ‘ககாமி’ என்ற அவருடைய கண்ணாடிவழிக் கச்சேரி தொடங்கியது. உயிரோடிருந்தபோதே டோக்கியோவில் பல கேமராக்கள் சூழ வாசித்துப் பதிவு செய்து வைத்திருந்தார். வட்டமாகப் போட்ட நாற்காலிகளிலிருந்து ரசிகர்கள் எழுந்து, அவரைச் சுற்றி வந்து விரல்களைக் குனிந்து பார்த்தார்கள். எந்தக் கச்சேரி மேடையிலும் நடக்காத காரியம். சினிமாவிலும் முடியாது, அங்கே கேமரா நின்ற இடமே நம் இடம்.

அங்கே பயன்பட்ட மேஜிக் லீப் 2, கறுப்புக்கும் ஒரு வழி செய்திருந்தது. உருவத்துக்குப் பின்னால் மட்டும் இருட்டாக்கும் ஒரு அடுக்கு. கண்ணுக்கு வெகு அருகில் இருப்பதால் அந்த இருட்டின் ஓரம் மசமசவென்றே இருக்கும். அதற்குக் கொடுக்கும் விலையும் அதிகம்: இருட்டாக்காத நேரத்திலும் வெளி ஒளியில் 22 சதவீதம்தான் உள்ளே வரும். மங்கிய அரங்கில் பரவாயில்லை. வீட்டுக்குள் நாள் முழுக்கக் கூலிங் கிளாஸ் போட்டுத் திரிய யார் தயார்? ஆப்பிளின் விஷன் ப்ரோ உலகத்தையே கேமராவில் பிடித்து வீடியோவாகக் காட்டுவதால் அதில் கறுப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அரைக் கிலோவுக்கு மேல் முகத்தில் கனக்கிறது. தவிர, எதிரே இருப்பவரின் முகத்தையே டிவியில் பார்ப்பது எனக்கு ஒட்டவில்லை.

கலைஞர்கள் அதிகம் பேசாத சிக்கல் ஒன்று பாக்கி. மைக்ரோசாஃப்ட் 2024இல் ஹோலோலென்ஸ் தயாரிப்பை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முதல் மேஜிக் லீப் கண்ணாடிக்கான சேவைகளும் முடிந்தன. அப்ரமோவிச்சைக் காட்டிய மாடல் அது. வேறு கருவிக்கு மாற்றி எழுதினால் அவர் மறுபடி நடக்கலாம். அதற்கு யாராவது செலவழிக்க வேண்டும். கருவிக்கு ஒருமுறை, அடுத்த கருவிக்கு இன்னொரு முறை.

(அடுத்த வாரம்: 2013இல் சியாட்டிலில் ஒரு பார், கூகுள் கிளாஸ் போட்டவர்கள் உள்ளே வரக்கூடாது என்று சொன்ன கதை.)