ரெஸ்டோர் பாயிண்டுக்குள் பதுங்கிய வைரஸ்: எதை முதலில் அழிப்பது?

ஆன்டிவைரஸ் ஒரு வைரஸைப் பிடித்துவிட்டதாகச் சொல்கிறது. நீக்கு என்று கொடுக்கிறீர்கள். மறுநாள் அதே பெயரில் அதே எச்சரிக்கை மறுபடியும் வருகிறது. கோப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தால் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்று ஒரு ஃபோல்டர். பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயிண்டுகளை விண்டோஸ் வைத்திருக்கும் இடம் அது. திறக்கப் போனால் விண்டோஸ் அனுமதி மறுக்கிறது. இந்த இடத்தில் பலரும் பொறுமை இழந்து ரெஸ்டோர் வசதியையே அணைத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் கணினியை ஃபார்மட் செய்யக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசரப்பட்ட வேலை என்பதுதான் என் வாதம். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை முதலில் சுத்தம் செய்யுங்கள். பழைய ரெஸ்டோர் பாயிண்டுகளை அழிப்பது கடைசியில் செய்ய வேண்டியது.

காரணம் புரிய வேண்டுமானால் அந்த ஃபோல்டருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். 2000-ல் வந்த விண்டோஸ் மில்லேனியம் பதிப்பில்தான் சிஸ்டம் ரெஸ்டோர் முதலில் அறிமுகமானது. மறு ஆண்டு எக்ஸ்பி-யிலும் சேர்ந்தது. புதிய டிரைவரோ அப்டேட்டோ ஏறுவதற்கு முன்னால் ரெஜிஸ்ட்ரியையும் முக்கியமான நிரல் கோப்புகளையும் விண்டோஸ் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். நல்லது எது, கெட்டது எது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் வட்டில் வைரஸ் இருந்தால் அதுவும் சேர்ந்தே நகலாகும். எக்ஸ்பி-யில் அந்த நகலுக்கு ‘ஏ’ எழுத்தில் தொடங்கி எண்களாக நீளும் புதுப்பெயர் வேறு கிடைக்கும். அந்த ஃபோல்டரைத் தொடும் உரிமை விண்டோஸின் உள் கணக்குக்கு மட்டுமே. அதனால் ஆன்டிவைரஸ் வைரஸைக் கண்டுபிடித்தாலும் பல நேரம் அழிக்க முடியாமல் நின்றது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முறை மாறிவிட்டது. வட்டின் ஒரு நேரத்து நிலையையே ‘ஷேடோ காப்பி’ என்று பிடித்து வைக்கிறது. அதில் ஒரு கோப்பை மட்டும் அழிக்க முடியாது. அழித்தால் அந்த நகல் முழுவதையும்தான் அழிக்க வேண்டும்.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. ரெஸ்டோர் பாயிண்டுக்குள் கிடக்கும் வைரஸ் தானாக இயங்காது. நீங்கள் அந்தத் தேதிக்குக் கணினியைத் திருப்பும்போதுதான் அது உயிர்பெறும். ஆகவே எச்சரிக்கை வந்தவுடன் வைரஸின் பெயரை விட, அது இருக்கும் பாதையைப் படியுங்கள். பாதையில் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்று மட்டும் இருந்தால் அது தூங்கும் நகல். ‘ஆப்டேட்டா’, ‘ஸ்டார்ட்அப்’, ‘விண்டோஸ்’ போன்ற ஃபோல்டர்களைக் காட்டினால் அது இப்போதே ஓடிக்கொண்டிருக்கலாம். ஆபத்து அங்கேதான். தூங்குகிறதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறதை விட்டுவிடக் கூடாது.

‘ரெஸ்டோரை அணைத்துவிட்டுத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்களே சொன்னதே’ என்று கேட்பீர்கள். உண்மைதான், எக்ஸ்பி காலத்து வழிகாட்டிகளில் அந்த அறிவுரை நிறையவே இருந்தது. தெரியாமல் யாராவது பழைய தேதிக்குத் திருப்பிவிடுவார்களே என்ற பயம் அதற்குக் காரணம். பயத்திலும் நியாயம் உண்டு. ஆனால் வைரஸைப் பிடுங்கும்போது ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதியும் சேர்ந்து போய், விண்டோஸே எழாமல் போவதும் நடக்கிறது. அப்போது கையில் ஒரு ரெஸ்டோர் பாயிண்ட் இருந்தால், அதில் வைரஸ் இருந்தாலும் பரவாயில்லை, கணினியை எழுப்பிவிடலாம். எழுந்த கணினியை மறுபடி சுத்தம் செய்யலாம். எழாத கணினியைக் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

சரி, செய்வது எப்படி? இணையத்தைத் துண்டியுங்கள், பென் டிரைவ்களைக் கழற்றுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் ‘டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ இருக்கிறது. அதைக் கொடுத்தால் கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்பே சோதிக்கும். அதனால் வைரஸுக்கு ஒளிந்துகொள்ள நேரம் கிடைக்காது. கால் மணி நேர வேலை. பிறகு ஒரு முழு ஸ்கேன். சில நாட்கள் வழக்கம்போல் பயன்படுத்திப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடினால் மட்டும் தேடல் பெட்டியில் ‘கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்’ என்று தேடி, சி டிரைவுக்கு ‘கான்ஃபிகர்’ போய், பழைய பாயிண்டுகள் எல்லாவற்றையும் ‘டெலிட்’ செய்யுங்கள். உடனே முந்தைய பெட்டிக்குத் திரும்பி ‘கிரியேட்’ அழுத்திப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் ஃபார்மட் செய்வதே எளிது என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சாலிட்டி, விரூட் போல நிரல் கோப்புகள் ஒவ்வொன்றிலும் தன்னை ஒட்டிக்கொள்ளும் வைரஸ் வந்திருந்தால் ஃபார்மட்தான் சரி, தயங்க வேண்டாம். மற்ற நேரங்களில் ஃபார்மட் செய்த கணினிக்குள் அதே வைரஸ் பென் டிரைவ் வழியாக மறுபடி ஏறிவிடக்கூடும். தமிழ்நாடு–கேரள எல்லையோரத்தில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. உறவும் நிலமும் இரண்டு பக்கமும் கிடக்கின்றன. அதனால் ஒரே பென் டிரைவ் கேரளப் பக்கம் பாறசாலையின் அக்ஷயா இ-சேவை மையத்திலும் செருகப்படும், தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளையில் பிரிண்ட் எடுக்கும் கடையிலும் செருகப்படும். கேரளத்துப் பள்ளிகளில் லினக்ஸ் கணினிகள் உண்டு. பென் டிரைவை அவற்றில் செருகினால் விண்டோஸ் மறைத்து வைக்கும் கோப்புகள் வெட்டவெளிச்சமாகத் தெரியும். பென் டிரைவில் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற ஃபோல்டர் தெரிந்தால் பதற வேண்டாம், அது விண்டோஸ் தானே உருவாக்குவது. ‘ஆட்டோரன்’ என்ற பெயரில் ஒரு கோப்போ, உங்கள் ஃபோல்டர்களின் பெயரிலேயே ஷார்ட்கட்களோ இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதுவரை சொன்னது வைரஸ் நகலுக்குள் ஒளிவதைப் பற்றி. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் இன்றைய ரான்சம்வேர் ஒளிவதில்லை, நகலையே அழிக்கிறது. 2017 மே 12-ல் பரவத் தொடங்கிய வன்னாக்ரை என்ற ரான்சம்வேர், கோப்புகளைப் பூட்டியதோடு ஷேடோ காப்பிகளையும் அழித்தது. அடுத்த திங்கட்கிழமை கேரளத்தில் வயநாட்டின் தரியோடு, பத்தனம்திட்டையின் அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள் அதற்குப் பலியாயின. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. 2024 ஏப்ரல் இறுதியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டு, கதிர்வீச்சுச் சிகிச்சையே தடைபட்டது. பாறசாலையிலிருந்தும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் நோயாளிகள் போகிற இடம் அது. 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் தாக்கப்பட்டபோது ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. தாக்குதலுக்குத் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் இ-ஹாஸ்பிடல் தகவல்களை மீட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. தாக்கப்பட்ட கணினிக்குள்ளேயே நகல் இருந்தால் பயனில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கூகுள் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேனே என்பீர்கள். தானாக ஒத்திசையும்படி வைத்திருந்தால் பூட்டப்பட்ட கோப்பும் தானாக மேலேறிவிடும். பழைய பதிப்பைத் திருப்பி எடுக்கலாம். ஆனால் பழைய பதிப்புகளைப் பொதுவாக 30 நாட்களுக்குத்தான் வைத்திருக்கிறார்கள், அதற்குள் நீங்கள் கவனித்திருக்க வேண்டும். சிஸ்டம் ரெஸ்டோரோ உங்கள் ஆவணங்களை, படங்களைத் தொடவே தொடாது. அது விண்டோஸைத் திருப்புவதற்கு மட்டும்.

அக்ஷயா மையம், ஸ்டூடியோ, டிடிபி கடை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கணினியில் மற்றவர்களின் ஆதார் நகலும் நிலப்பத்திரமும் கிடக்கின்றன. தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள். உங்களுடைய வேலைக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒருமுறை நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். வைரஸ் நீக்கும் கருவிகளை மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். பணம் கேட்டு மிரட்டல் வந்தால் கொடுக்காதீர்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.