தொழிலக வெப்பநிலை உணரிகளின் சந்தைப் போக்கு

தொழிற்சாலைகளில் தெர்மோகப்பிள் எனப்படும் வெப்பமின் இரட்டையும் பிளாட்டினம் மின்தடை உணரியும் மிகுதியாகப் பயன்படுகின்றன. 0 பாகை செல்சியசில் 100 ஓம் தடை காட்டும் பிடி100 உணரி முன்பு பிளாட்டினக் கம்பியைச் சுற்றியே செய்யப்பட்டது. இப்போது பெரும்பாலும் பீங்கான் தகட்டின்மீது மெல்லிய படலமாகப் படிய வைக்கப்படுகிறது. உலோகம் குறைவு, எனவே விலையும் குறைவு.

உருக்காலையில் நிலைமை வேறு. 1,600 பாகையை ஒட்டிய உருகிய எஃகை அளக்கப் பிளாட்டினம்-ரோடியம் இரட்டை வேண்டும். எஸ் வகையின் ஒரு கம்பியில் 10 விழுக்காடு ரோடியம், ஆர் வகையில் 13, பி வகையில் 30. எஃகில் ஒருமுறை அமிழ்த்திய முனை அத்தோடு தீர்ந்தது. அடுத்த அளவீட்டுக்குப் புதியது செருக வேண்டும். ஆகவே இங்கு விலையைத் தீர்மானிப்பது மின்னணுவியலைவிடச் சுரங்கம்தான். ரோடியத்தின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அதைப் பெருமளவில் வாங்குவோரோ வாகனப் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி செய்பவர்கள். மாசு விதிகள் கடுமையாகி, 2020-இல் சுரங்க உற்பத்தியும் தடைபட்டது. 2016-இல் அவுன்சு 1,000 டாலருக்கும் கீழே இருந்த ரோடியம் 2021 மார்ச்சில் 29,000 டாலரைத் தாண்டியது. பிறகு சரிந்தது. உலைகளில் நிலையாகப் பொருத்திய இக்கம்பிகள் பழுதானாலும் குப்பைக்குப் போவதில்லை. எடைபோட்டுச் சுத்திகரிப்பாளரிடம் விற்கப்படுகின்றன.