இருளர் உரிமையும் சட்டமும்

சென்னையினின்று அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கு அப்பால் உள்ளது கடம்பத்தூர். அவ்வட்டாரத்து ஏரிக்கரைகளில் குடிசையிட்டு வாழும் பழங்குடி மக்கள் இருளர். வில்லியர் என்றும் அவரை வழங்குவர். பாம்பு பிடித்தலிலும் பச்சிலை மருந்தை அறிதலிலும் வயலெலியை வளை தோண்டிப் பிடித்தலிலும் அவர்க்கு நிகர் அவரே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வாணிகம் ஒழிந்தது. கூலிவேலை நாடிய பலர் சிறு தொகையை முன்பணமாகப் பெற்றுச் செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் குடும்பத்தோடு கொத்தடிமைப்பட்டனர்.

இம்மக்களின் வாழ்வுக்கும் ஐரோப்பாவிலுள்ள ஜெனீவா நகருக்கும் தொடர்புண்டு என்பது வியப்பாகத் தோன்றலாம். அங்குள்ள பன்னாட்டுத் தொழில் அமைப்பு, பழங்குடிகளைப் பற்றிய 107-ஆம் உடன்படிக்கையை 1957-இல் வகுத்தது. பழங்குடியினரைக் கட்டாய வேலை வாங்குதல் தண்டனைக்குரிய குற்றம் என்றும், வழிவழியாக வாழும் நிலம் அவர்க்கு உரியது என்றும் அது கூறிற்று. இந்தியா 1958-இல் அதனை ஏற்றது. அதற்குப் பதிலாக 1989-இல் தோன்றிய 169-ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. எனினும், 2007-இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை பழங்குடி மக்கள் உரிமைச் சாற்றுரையை நிறைவேற்றியபோது ஆதரித்த 144 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. உரிமைகளை அந்தந்த அரசு சட்டத்தின் வாயிலாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது அதன் 38-ஆம் கூறு.

சூளையில் உழலும் இருளர்க்குத் துணைநிற்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். கோட்டாட்சியர் நேரிற் சென்று விசாரித்து விடுதலைச் சான்று வழங்குவார். முன்பணக் கடன் சட்டப்படி அற்றுப்போம். அதனை மீண்டும் பெறுதல் குற்றம். மறுவாழ்வு உதவி பெறுதற்கும் அச்சான்றே அடிப்படை. ஆதலின் விசாரணை தாழ்க்குந்தோறும் விடுதலையும் தாழ்க்கின்றது.

நிலத்தின் செய்தி இத்துணை எளிதன்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோர்க்கே உரியது. கடம்பத்தூர்ப் பக்கத்து இருளரோ ஏரிப் புறம்போக்கில் இருப்பவர். நீர்நிலை நிலத்திற்குப் பட்டா வழங்கலாகாது என்பது அரசின் விதி. அவ்விதி ஏரியைக் காப்பது, குறை கூறுதற்கில்லை. ஆயினும் பல்லாண்டு வாழ்ந்தும் அவர்க்கு ஓரடி மண்ணும் உரியதாகாமற் போகின்றது. மாற்றிடம் ஒதுக்குவதொன்றே வழி. அதுவும் தொழிலிடத்திற்குத் தொலைவாயின் பயனில்லை.

இவற்றோடு சாதிச்சான்றும் வேண்டும். தமிழ்நாட்டில் பழங்குடியினர்க்கு அதனை அளிப்பவரும் கோட்டாட்சியரே. சூளைக்குச் சூளை பெயர்ந்த பெற்றோரிடம் பழைய ஆவணம் ஏது? குடியிருப்புக்கே சென்று வழக்கங்களையும் உறவுமுறையையும் அலுவலர் கேட்டறிந்து சான்று தந்தாலன்றி, அவர்தம் மக்கள் பழங்குடியினர்க்குரிய கல்வி உதவியையும் இட ஒதுக்கீட்டையும் பெறல் அரிது.