மலை இறங்கும் முன் ஒரு மாத்திரை

கல்வராயன் மலையில் ஒரு தலைமுறைக்கு முன் கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால், "பிள்ளைத்தாச்சின்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். தலைவலி மண்டையைப் பிளந்து, கண் மங்கி, கைகால் இழுத்துக்கொண்ட பிறகுதான் ஜன்னி என்று பதறி, டோலி கட்டித் தூக்கி இறங்குவார்கள். ஜாகிர்தார்களின் பிடியிலிருந்த இந்த மலை 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. ஜன்னிக்கு முன்னோடியான ரத்த அழுத்தத்தை, அதாவது பி.பி.யைப் பார்க்கவே ஆளில்லாத இடத்தில் மருந்துக்கு எங்கே போவது?

அன்று ஊர் ஆஸ்பத்திரியை எட்டினாலும் மருந்து வகை குறைவு. 1960-களில் வந்த மெத்தில்டோபாதான் நெடுங்காலம் ரத்த அழுத்தத்துக்குக் கர்ப்பிணிகளின் முதல் மாத்திரை. சிசுவுக்குப் பாதுகாப்பானது, ஆனால் தினம் இரண்டு மூன்று வேளை விழுங்க வேண்டும், சோர்வும் தூக்கமும் அழுத்தும். அழுத்தம் எகிறினால் நிஃபெடிபின் கேப்சூலைக் குத்தி நாக்கடியில் விடும் வழக்கமும் இருந்தது. அழுத்தம் மடமடவெனச் சரிந்தால் சிசுவுக்குப் போகும் ரத்தமும் குறையும் என்பதால் அது கைவிடப்பட்டது. வலிப்புக்கு டயசிபாம் போட்டார்கள். மெக்னீசியம் சல்பேட்டே மேல் என்று 1995-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு நிறுவியது.

இன்று மெத்தில்டோபாவோடு லேபிடலாலும், மெதுவாகக் கரையும் நிஃபெடிபினும் கையில் இருக்கின்றன. இம்மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு நம் நாட்டில்தான் நடந்தது. நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில், அழுத்தம் 160/110-ஐத் தொட்ட 894 கர்ப்பிணிகளுக்கு வாய்வழி மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நிஃபெடிபினும் லேபிடலாலும் தேவைப்பட்டால் மணிக்கொரு முறை. மெத்தில்டோபா ஒரே தடவை. ஆறு மணி நேரத்துக்குள் பாதகமின்றி அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள் நிஃபெடிபினில் 84 சதவீதம், லேபிடலாலில் 77, மெத்தில்டோபாவில் 76. முடிவு 2019-இல் 'லான்செட்' இதழில் வந்தது.

நகரத்துக்கு இது ஒரு புள்ளிவிவரம். மலைக்கு இது உயிர். நரம்பு ஊசியும் இடைவிடாத கண்காணிப்பும் கிடைக்காத ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, வண்டி வருவதற்குள் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.

கல்வராயன் மலையின் பெரும்பகுதி அடங்கிய கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானது. 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது, கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். ஆனாலும் மலைமக்களின் நிலையை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. மாத்திரை முன்னேறிய வேகத்தில் மலைப்பாதை முன்னேறவில்லை.

எந்த மாத்திரை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆஸ்துமா இருந்தால் சொல்லுங்கள், லேபிடலால் ஆகாது. ஏற்கெனவே எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் சாப்பிடுபவர்கள் கர்ப்பம் என்று தெரிந்த உடனே மருத்துவரிடம் போய் மாற்றிக்கொள்ளுங்கள். அவை சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரசவத்துக்குப் பிறகும் ஜன்னி வரலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அரசுக்கு ஒரே வேண்டுகோள்: மலையில் உள்ள ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் பி.பி. கருவியும் ஆய்வில் ஒப்பிட்ட அந்த மூன்று மாத்திரைகளும் எந்நாளும் இருக்க வேண்டும்.