உங்களுக்குத் தெரியுமா? – மோடம் பேசிய பேச்சு

● 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதற்காக வீட்டுக்குப் புது ஒயர் இழுக்கவில்லை. இருக்கிற டெலிபோன் லைன், ஒரு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு மோடம். அவ்வளவுதான்.

● டெலிபோன் அமைப்பு மனிதக் குரலுக்காகக் கட்டப்பட்டது. 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் அது கடத்தும். கம்ப்யூட்டரின் எண்களை அந்த எல்லைக்குள் ஒலியாக மாற்றுவதும், மறுமுனையில் ஒலியை மீண்டும் எண்களாக்குவதும் மோடத்தின் வேலை.

● டயல் செய்ததும் கேட்குமே, அந்தக் கீச்சும் இரைச்சலும்? இரண்டு மோடங்கள் நடத்தும் பேச்சுவார்த்தை அது. தொலைதூர லைன்களில் நாம் பேசியது நமக்கே திரும்பக் கேட்காதபடி எதிரொலியை அடக்கும் கருவிகள் உண்டு. பேசுபவருக்கு அவை வசதி, மோடத்துக்கு இடைஞ்சல். எனவே அழைப்பை எடுத்த மோடம் முதலில் 2100 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பி அவற்றை நிறுத்தி வைக்கும். பிறகு இரண்டும் லைனின் தரத்தைச் சோதித்து, எந்த வேகத்தில் பேசலாம் என்று முடிவு செய்யும். முடிவானதும் ஸ்பீக்கர் அடங்கிவிடும். எண் என்கேஜ்டாக இருந்தாலோ, தவறான வீட்டில் யாராவது ‘ஹலோ’ என்றாலோ நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த ஸ்பீக்கர்.

● கால் வெயிட்டிங் வசதி வைத்திருந்தவர்களுக்கு நெட் அடிக்கடி அறுந்ததற்குக் காரணம், நடுவில் நுழையும் அந்தச் சின்ன ‘பீப்’.

● 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்மார்ட்மோடம்’ வந்தது. ‘ஏ.டி.’ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் கட்டளைகளைத் தட்டினால் அதுவே டயல் செய்யும். இன்றைய 4ஜி மோடங்களும் அதே ‘ஏ.டி.’ கட்டளைகளுக்குக் கீழ்ப்படிகின்றன! கணினி உலகில் இவ்வளவு ஆயுள் வெகு சிலவற்றுக்கே வாய்த்திருக்கிறது.

● 56 கிலோபிட் மோடத்தில் அந்த வேகம் ஒரு திசைக்கு மட்டுமே. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நம் ஒலியை எண்ணாக மாற்றும்போது கொஞ்சம் பிசிறு சேரும். அனுப்பும் வேகத்தை அது 33.6-இலேயே கட்டிப்போட்டது. இணைய நிறுவனமோ எக்ஸ்சேஞ்சுடன் நேரடியாக எண்களிலேயே இணைந்திருந்ததால், அங்கிருந்து வரும் வழியில் அந்தப் பிசிறு இல்லை. முழு 56 கிடைத்தால்கூட 4 எம்.பி. பாட்டு ஒன்று இறங்க ஏறத்தாழ பத்து நிமிடம்.

● இத்தனை நாள் வேகத்தைக் கட்டிப்போட்ட குறை டெலிபோனின் செம்புக் கம்பியில் இல்லை! குரலுக்கு மேலுள்ள அலைகளை வெட்டிவிட்டது எக்ஸ்சேஞ்ச்தான். அங்கே கருவியை மாற்றியதும், அதே கம்பியில் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பிராட்பேண்ட் ஓடியது, கீழே போன் பேச்சு போனது. இரண்டையும் பிரித்தது ‘ஸ்ப்ளிட்டர்’ என்ற சிறு பெட்டி. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் குறையும். 2004-இல் இந்திய அரசு பிராட்பேண்டுக்கு வகுத்த இலக்கணம்: குறைந்தது 256 கிலோபிட்.

● கம்பியே எட்டாத ஊர்களுக்கு? சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லா முறையை உருவாக்கியது. போனில் பேசிக்கொண்டே 35 கிலோபிட் வேகத்தில் இணையம், பேசாதபோது 70. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்கள் இதன் வழியாகத்தான் இணையம் கண்டன. நம் ஊர்ப் பொறியியலின் பெருமைகளில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

● இன்று நாம் ‘மோடம்’ என்று சொல்லும் ஃபைபர் பெட்டிக்குள் வருவது ஒளி. ஒரே கண்ணாடி இழையில் வருவது ஓர் அலைநீளத்தில், போவது வேறோர் அலைநீளத்தில். அதே இழைப் பிரிவில் உள்ள பக்கத்து வீட்டுக்காரர் இறக்கும் தரவும் உங்கள் பெட்டி வரை வந்து சேர்கிறது. குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் அதைப் படிக்க முடியாது. பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை என்று பொருள். அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டாம். இழை எங்கோ அளவுக்கு மீறி மடிந்தோ, அறுந்தோ, இணைப்பு கழன்றோ இருக்கும்.