பகலில் உறங்குபவர் சோம்பேறியா?



“வெயில் ஏறி இவ்வளவு நேரமாகியும் இன்னுமா தூக்கம்?” இந்தக் கேள்வி ஒலிக்காத வீடு நம் சமுதாயத்தில் உண்டா? அதிகாலையில் எழுபவர் உழைப்பாளி, பேணுதலுள்ளவர். நேரம் கழித்து எழுபவர் சோம்பேறி, வீட்டின் பரக்கத்தைக் கெடுப்பவர் என்று இரண்டே சொற்களில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இரவில் விழித்திருப்பவருக்கு ‘இராக்கோழி’ என்று பட்டமும் சூட்டிவிடுகிறோம்.

அதிகாலையின் சிறப்பை எவரும் மறுக்க இயலாது. தம் சமுதாயத்தின் காலைப் பொழுதில் பரக்கத் அருளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிரார்த்தித்தார்கள். அச்செய்தியை அறிவித்த ஸக்ர் அல்காமிதி (ரலி) அவர்கள் ஒரு வணிகர். தம் சரக்குகளைக் காலையிலேயே அனுப்பிவைத்துச் செல்வம் பெருக்கினார்கள் என்று அபூதாவூத், திர்மிதீ நூல்கள் கூறுகின்றன. ஔவையாரின் ஆத்திசூடியும் வைகறையில் விழிக்கவே கற்றுத் தருகிறது. ஆனால், காலையைப் போற்றுவது வேறு. காலையில் எழ இயலாதவரை இழிவாகப் பேசுவது வேறு. இந்த வேறுபாட்டை நாம் சிந்திக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

வல்லக்கோட்டையில் விடியும் பொழுது

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில் உள்ளது வல்லக்கோட்டை. முருகன் கோயிலால் பெயர் பெற்ற இச்சிற்றூரைச் சுற்றி ஒரு காலத்தில் ஏரியும் வயலுமே இருந்தன. வயல்வேலை சூரியனோடு தொடங்கிச் சூரியனோடு முடியும். ஊரின் உறக்கமும் அதற்கேற்பவே அமைந்திருந்தது.

1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை, 2012இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு, பின்னர் 2017இல் வல்லம் வடகாலில் அதன் மற்றொரு தொழிற்சாலை என அடுத்தடுத்து எழுந்தன. கோடிக்கணக்கில் பணம் போட்டு நிறுவிய இயந்திரம் இரவில் ஓய்ந்து நிற்பதை முதலீட்டாளர் விரும்புவதில்லை. ஆகவே காலை, பிற்பகல், இரவு என ஷிப்ட் முறையில் மனிதர்கள் மாறுகிறார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இன்று அப்பகுதியில் விடியும்போது இருவகை மனிதர்கள் எதிரெதிரே கடந்து செல்கிறார்கள். குளித்து, தலைவாரி, சாப்பாட்டுப் பையுடன் கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நிற்போர் ஒருபுறம். கண்கள் சிவந்து, அதே பேருந்திலிருந்து இறங்குவோர் மறுபுறம். பின்னவருக்கு அது விடியல் அன்று. ஒருநாள் முடியும் வேளை. அவர் அறைக்குத் திரும்பிப் படுக்கும்போது தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவுவார், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும், கைப்பேசி அழைக்கும். ஊர் முழுவதும் விழித்திருக்கும்போது ஒருவர் மட்டும் உறங்க முயல்வது எத்தனை கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் இளைஞர்கள் பலரும் இத்தகைய வேலைகளில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் ஊதியத்தை வாங்கிக்கொள்ளும் நாம், அவர்கள் விடுமுறைக்கு ஊர் வந்து பத்து மணிவரை உறங்கினால் முகம் சுளிக்கிறோம்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

1729ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் தி மெரான், தொட்டாற்சிணுங்கிச் செடியை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தார். சூரியனைக் காணாமலேயே அச்செடி பகலில் இலை விரித்தது, இரவில் மூடிக்கொண்டது. உயிர்களுக்குள்ளேயே வல்ல இறைவன் ஒரு கடிகாரத்தை அமைத்திருக்கிறான் என்பதற்கு அது முதல் சான்றாயிற்று. அக்கடிகாரம் இயங்கும் விதத்தை ஈக்களின் மரபணுக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் மூளையில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே அக்கடிகாரம் உள்ளது. கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இருள் சூழ்ந்ததும் மெலட்டோனின் என்னும் சுரப்பு பெருகி, உடலை உறக்கத்திற்கு ஆயத்தப்படுத்துகிறது. எல்லா மனிதர்க்கும் இக்கடிகாரம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சிலருக்குச் சற்று முந்துகிறது. அவர்கள் வைகறையில் தாமே விழிப்பார்கள். சிலருக்குப் பிந்துகிறது, அவர்களுக்கு இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் சிந்தை தெளிவடையும். பெரும்பாலோர் இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறார்கள். சுமார் 7 லட்சம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, இந்த வேறுபாட்டோடு தொடர்புடைய 351 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டறிந்தது. வயதும் இதில் பங்கு கொள்கிறது. பருவ வயதுப் பிள்ளைகளின் கடிகாரம் இயல்பாகவே பிந்துகிறது, முதுமையில் முந்துகிறது. பாட்டனார் நான்கு மணிக்கு எழுவதும், பேரன் எட்டு மணிவரை எழாததும் முழுக்க ஒழுக்கத்தின் பாற்பட்டவை அல்ல.

ஏன் இப்படி ஒரு வேறுபாடு? தான்சானியா நாட்டில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்கள் 33 பேரின் உறக்கத்தை 20 நாட்கள் கண்காணித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. அந்த இருபது நாட்களில், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உறங்கியது மொத்தம் 18 நிமிடங்கள் மட்டுமே! ஏறக்குறைய எந்நேரமும் யாரோ ஒருவர் விழித்திருந்தார். காவலுக்கென்று எவரையும் நியமிக்காமலேயே அக்கூட்டத்திற்கு இரவுக்காவல் கிடைத்துவிட்டது. ஒருவர் விழித்திருப்பதால் மற்றவர் அச்சமின்றி உறங்குகிறார். படைத்தவனின் ஏற்பாட்டில் வீண் என்று எதுவும் இல்லை.

நாயகத் தோழர்களிடம் ஒரு பாடம்

அண்ணலாரின் தோழர்களில் அபூபக்கர் (ரலி) அவர்கள் உறங்குவதற்கு முன்பே வித்ர் தொழுதுவிடுவார்கள். உமர் (ரலி) அவர்களோ இரவின் இறுதிப் பகுதியில் எழுந்து தொழுவார்கள். இருவரையும் விசாரித்தறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள், ஒருவரைப்போல் மற்றவர் மாறவேண்டும் என்று பணிக்கவில்லை. முன்னவரிடம் எச்சரிக்கையையும் பின்னவரிடம் மனவலிமையையும் கண்டு இருவரையும் பாராட்டினார்கள் (அபூதாவூத்). அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு, உறங்குமுன் வித்ர் தொழுதுவிடுமாறு அறிவுரை வழங்கினார்கள். ஆளறிந்து சொல்லப்பட்ட அறிவுரைகள் இவை.

அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் மற்றொரு நிகழ்ச்சியையும் அபூதாவூதில் காண்கிறோம். ஸஃப்வான் இப்னு முஅத்தல் (ரலி) அவர்கள் சூரியன் உதித்த பிறகே ஃபஜ்ர் தொழுகிறார் என்று அவருடைய துணைவியார் அண்ணலாரிடம் முறையிட்டார். ஸஃப்வான் (ரலி) மறுக்கவில்லை. தம் குடும்பத்தாருக்கே இந்த இயல்பு உண்டென்றும், சூரியன் உதிக்கும்வரை தங்களால் எழ இயலுவதில்லை என்றும், இது மக்கள் அறிந்த செய்தி என்றும் கூறினார். விழித்ததும் தொழுதுகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். குடும்பவழி வரும் இயல்பு என்று அத்தோழர் அன்று சொன்னதைத்தான் இன்றைய மரபணு ஆய்வு வேறு மொழியில் சொல்கிறது.

இதைச் சோம்பலுக்குச் சான்றாக எவரும் எடுத்துக்கொள்ளலாகாது. உறக்கத்தில் குற்றமில்லை, விழித்திருந்தும் தொழுகையைத் தவறவிடுவதே குற்றம் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நபிமொழியின் கருத்து. அலாரம் வைத்து, எழுப்பச் சொல்லிவைத்து, நேரத்தோடு படுத்து, முயன்றும் இயலாமல் போனவருக்கும், முயலாமலே விட்டுவிட்டவருக்கும் உள்ள வேறுபாட்டை அல்லாஹ் நன்கறிவான்.

விழித்திருப்போர் மூவகை

இரவில் விழித்திருப்போர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். ஹலாலான சம்பாத்தியத்திற்காக விழித்திருக்கும் தொழிலாளி, செவிலியர், ஓட்டுநர், காவலர் ஆகியோர் முதல் வகையினர். உடலின் இயல்பால் உறக்கம் பிந்தி வருவோர் இரண்டாம் வகையினர். உறக்கம் கண்ணைச் சுழற்றியும் கைப்பேசியைக் கீழே வைக்க மனமில்லாமல் விழித்திருப்போர் மூன்றாம் வகையினர்.

இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பாதது இந்த மூன்றாம் வகைக்கே பொருந்தும். கல்வி, விருந்தோம்பல், குடும்பத்தாருடன் உரையாடல் முதலியவற்றை அறிஞர்கள் இதிலிருந்து விலக்கியுள்ளார்கள். திருமறையின் அர்ரூம் அத்தியாயம் 23ஆம் வசனம், இரவிலும் பகலிலும் மனிதர் உறங்குவதையும் இறையருளைத் தேடுவதையும் அவனுடைய அத்தாட்சிகளாகக் குறிப்பிடுகிறது. பகல் உறக்கமும் அங்கே இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள்.

தொழுகையும் இரவு வேலையும்

இரவு ஷிப்ட் செல்பவருக்கு ஃபஜ்ர் பெரும்பாலும் சிரமமில்லை. அவர் விழித்தேதான் இருக்கிறார். பணியிடத்தில் சிறிது இடத்தையும் சில நிமிடங்களையும் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் போதும். காலைப் பேருந்தில் திரும்பியபின் தொழலாம் என்று எண்ணினால், சூரியன் உதித்துவிடக்கூடும். நம் பகுதியில் ஜூன் மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது என்பதை மறவாதீர்.

அவருக்கு உண்மையான சோதனை லுஹர்தான். எட்டு மணிக்குப் படுப்பவர் இரண்டு மணிக்கு மேல் எழுந்தாலும், அஸர் நேரம் தொடங்குமுன் லுஹரை நிறைவேற்றிவிடலாம். ஆகவே வீட்டார் பாங்கு கேட்டவுடன் அவரை உலுக்கி எழுப்பவேண்டியதில்லை. நேரம் தவறிவிடாதபடி எழுப்பினால் போதும். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆவுக்கு முன் ஒரு பகுதி, பின் ஒரு பகுதி என உறக்கத்தைப் பிரித்துக்கொள்ளட்டும்.

வீட்டார் அறியவேண்டியவை

இரவு வேலை உடலுக்கு எளிதன்று. உறக்கத்தின் ஒழுங்கைக் குலைக்கும் இரவுப்பணி, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புள்ளவற்றில் ஒன்று என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் மீண்டும் உறுதிசெய்தது. ஆகவே அவரது பகலுறக்கம் ஆடம்பரமல்ல, மருந்து. அதைப் பாதுகாப்பது குடும்பத்தார் கடமை.

அவர் படுக்கும் அறைக்குக் கனத்த திரை போடுங்கள். அந்நேரத்தில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறையுங்கள். மின்கட்டணம், ரேஷன், உறவினர் வருகை என்று இடையில் எழுப்பாதீர்கள். இரவு பத்து மணிக்கு வேலைக்குச் செல்பவரைக் காலை பதினொன்றுக்கு எழுப்புவது, பகலில் வேலை செய்பவரை நள்ளிரவில் எழுப்புவதற்கு ஒப்பாகும். இரவு வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் நெடுந்தூரம் வருவதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஒரு கணக் கண்ணயர்வு உயிரைப் பறித்துவிடும். வேலையின் பிற்பாதியில் தேநீரும் காப்பியும் குறைத்துக்கொண்டால் வீடு திரும்பியதும் உறக்கம் விரைவில் வரும்.

பெண்கள் நிலை இன்னும் கடினமானது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணிவரை பெண்கள் தொழிற்சாலையில் பணியாற்றத் தடை விதித்திருந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பாதுகாப்பு நிபந்தனைகளை வகுத்து அத்தடையை நீக்கியது. இன்று இந்தத் தொழிற்பகுதியில் பெண் தொழிலாளர் பெருந்திரளாக உள்ளனர். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இரவெல்லாம் நின்றபடி வேலை செய்து திரும்பும் மகளிடமோ மருமகளிடமோ, காலைச் சமையலையும் துணி துவைப்பதையும் ஒப்படைக்கும் வீடுகள் உண்டு. அண்ணலார் (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவினார்கள் என்பதை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். இந்த ஸுன்னத்தை உயிர்ப்பிக்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

பிந்தி உறங்கும் இயல்புள்ள பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களுக்கும் ஒரு சொல். இழிசொல்லால் கடிகாரம் மாறாது. காலையில் முகத்தில் வெயில் படும்படி எழுப்பி உட்காரவைப்பதும், இரவில் பிரகாசமான விளக்கையும் கைப்பேசித் திரையையும் விலக்கிவைப்பதும் சிறிது சிறிதாக அக்கடிகாரத்தை முன்னே நகர்த்தும்.

நன்றியோடு நினைப்போம்

ரமளான் மாதத்தில் நாம் எல்லாருமே இராக்கோழிகளாக மாறிவிடுகிறோம். தராவீஹ் முடிந்து நள்ளிரவில் கடைத்தெருவில் தேநீர் அருந்துகிறோம். தப்ஸ் அடித்துப் பாடியபடி தெருத்தெருவாகச் சென்று சஹருக்கு எழுப்பிய பக்கீர்சாமார்களை நம் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஊர் உறங்கியபோது அவர்கள் விழித்திருந்தார்கள். பகலில் அவர்கள் உறங்கியதை எவரும் குறை கூறவில்லை. பெருநாளன்று அரிசியும் காசும் கொடுத்து நன்றி செலுத்தினார்கள்.

அதே கண்ணோட்டம் ஒரகடத்திலிருந்து வரும் நம் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். நாளை காலை பத்து மணிக்கு உங்கள் வீட்டில் ஒருவர் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தால், குரலை உயர்த்துவதற்கு முன், அவர் எப்போது படுத்தார் என்று கேளுங்கள். அறையின் கதவை மெல்லச் சாத்துங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ், இரவில் உழைப்போரின் உடலுக்கு நலத்தையும், அவர்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், அவர்களைப் புரிந்துகொள்ளும் உள்ளத்தை நமக்கும் அருள்வானாக! ஆமீன்.