மழையை எண்ணும் காந்தம்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கி மறுநாட் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழையின் அளவு 49 சென்டிமீட்டர். அதே இருபத்து நான்கு மணி நேரத்தில் சென்னை நுங்கம்பாக்கத்திலே பதிவானது 29 சென்டிமீட்டர். இரண்டும் ஒரே மாநகரைச் சார்ந்த இடங்கள், ஒரே மழை. எனினும் அளவில் எத்துணை வேறுபாடு! தாம்பரத்திற்குத் தென்கிழக்கே, உப்பளங்களுக்கும் கோவளத்துக் கழிமுகத்திற்கும் அருகே அமைந்த கேளம்பாக்கத்தில் வாழும் ஒருவர், தம் ஊர் ஏரிக்கு எவ்வளவு நீர் வந்திருக்கும் என்று அறிய விரும்பினால், நுங்கம்பாக்கத்தின் கணக்கை நம்புவதில் பயனில்லை. தம் ஊரிலேயே ஒரு மழைமானி வேண்டும். கேளம்பாக்கத்தைச் சூழ்ந்து இன்று கல்லூரிகள் பல இருக்கின்றன. அவற்றில் பயிலும் மாணவர் ஒருவர் தம் கையாலேயே அதனைச் செய்துவிடலாம்.

தானாக எண்ணும் மழைமானியின் அமைப்பு மிக எளியது. புனலின் கீழே, ஏற்றப் பலகையைப் போல இருபுறமும் சாயக்கூடிய இரட்டைக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒரு கிண்ணத்தில் 0.2 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் சேர்ந்தவுடன் அது கவிழ்ந்து கொட்டிவிடும். மற்றது மேலே வந்து நீரை ஏற்கும். எத்தனை முறை சாய்ந்தது என்பதே மழையின் அளவு. தாம்பரத்தில் அன்று இத்தகைய மானி ஒன்று இருந்திருந்தால், அது 2,450 முறை சாய்ந்திருக்கும். கிண்ணத்தோடு ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, அதன் அசைவை ஒரு மின்கருவி எண்ணுமாறு செய்வது வழக்கம். புயல் நாளில் முதலில் நின்றுபோவது மின்சாரமே ஆதலின், கருவி மின்கலத்தாலேயே இயங்கவேண்டும். மொட்டை மாடியில் ஆண்டுக்கணக்கில் தனித்துக் கிடக்கவும் வேண்டும்.

இங்கேதான் ஹால் உணரி வருகிறது. 1879-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில், எட்வின் ஹால் என்னும் இளம் மாணவர், கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டிய மெல்லிய தங்க ரேக்கினூடே மின்னோட்டத்தைச் செலுத்தி, அதனை வலிய காந்தத்தின் முனைகளுக்கிடையே வைத்தார். ரேக்கின் இரு பக்கவாட்டு விளிம்புகளுக்கு இடையே மிக நுண்ணிய மின்னழுத்தம் தோன்றியது. ஓடும் மின்துகள்களைக் காந்தம் ஒரு பக்கமாக ஒதுக்குவதே இதன் காரணம். எலெக்ட்ரான் கண்டறியப்பட்டது 1897-இல். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே அதன் ஓட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டிய சோதனை இது என்பதை எண்ணும்போது வியப்புத் தோன்றாமல் இராது. உலோகத்தில் மின்துகள்கள் அளவிறந்தன. அதனால் விளைவு மிகச் சிறியது. சிலிக்கன் போன்ற குறைகடத்திகளிலோ அவை குறைவு. ஆகவே விளைவு பெரிது. இன்றைய உணரியில் சிலிக்கன் தகடு, பெருக்கி, ஒப்பிடும் சுற்று எல்லாம் அரிசி மணியளவான ஒரே பொதிக்குள் அடங்கிவிடுகின்றன.

எத்தகைய உணரியைத் தேர்ந்தெடுப்பது? முதற்கேள்வி, அது எவ்வளவு மின்னோட்டத்தை உண்கிறது என்பது. இடைவிடாது விழித்திருக்கும் சாதாரண ஹால் உணரிக்குச் சுமார் 4 மில்லி ஆம்பியர் வேண்டும் என்று கொள்வோம். சி.ஆர். 2032 என்னும் நாணய வடிவ மின்கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. வகுத்துப் பாருங்கள்: 55 மணி நேரம். திங்கட்கிழமை காலையில் வைத்த கருவி புதன்கிழமை மாலைக்குள் உறங்கிவிடும்!

இதற்கு மாற்றாக அமைந்தவையே சிறுமின் உணரிகள். இவை இராக்காவற்காரனைப் போன்றவை; கண்ணை மூடிக்கொண்டிருந்து, இடையிடையே மட்டும் திறந்து பார்ப்பவை. விநாடிக்கு இருபது முறை, ஒவ்வொரு முறையும் 50 மைக்ரோ விநாடி மட்டும் விழித்தால், விழித்திருக்கும் காலம் ஆயிரத்தில் ஒரு பங்கே. 4 மில்லி ஆம்பியர் என்பது சராசரியில் 4 மைக்ரோ ஆம்பியராகச் சுருங்கும். உறக்கத்திற்குரிய ஒன்றைக் கூட்டினால் ஐந்து. அதே மின்கலம் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டுகள், இவ்வுணரிக்குத் தாங்கும். ஒரு மைக்ரோ ஆம்பியரே உண்ணும் உணரிகளும் கிடைக்கின்றன. கணக்கின்படி அவை இருபத்தைந்து ஆண்டுகள் இயங்கவேண்டும். ஆனால் அதற்குள் மின்கலமே மூப்படைந்துவிடும். ஆகவே மிகச் சிறிய எண்ணைத் தேடி விலையை ஏற்றிக்கொள்வது வீண் என்பது என் கருத்து.

காவற்காரன் கண்மூடிய வேளையில் கள்வன் கடந்து சென்றால் என் செய்வது? இதுவே இக்கருவியின் உயிர்நிலையான சிக்கல். கிண்ணம் சாயும்போது நடுவழியில் காந்தம் உணரியைக் கடக்கும் நேரம், பத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவாக இருக்கலாம். விநாடிக்கு ஐந்து முறை மட்டும் பார்க்கும் உணரி, சாய்வுகளிற் பாதிக்கு மேலானவற்றைக் காணாமலே விட்டுவிடும். கருவி ஒழுங்காக இயங்குவது போலவே தோன்றும். ஆனால் மழை பாதியாகப் பதிவாகும். அடிக்கடி பார்க்கும் உணரியை வாங்குவது ஒரு வழி. மின்னோட்டம் அதற்கேற்ப உயரும். அதனினும் சிறந்த வழி, காந்தத்தின் இடத்தை மாற்றுவது. கிண்ணம் இடப்புறம் சாய்ந்து ஓய்ந்திருக்கும்போது காந்தம் உணரியின் எதிரிலும், வலப்புறம் சாய்ந்து ஓய்ந்திருக்கும்போது விலகியும் இருக்குமாறு பொருத்திவிட வேண்டும். அப்போது எண்ணவேண்டியது காந்தம் கடப்பதையன்று, நிலை மாறுவதையே. மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதம் கொட்டும் பெருமழையிலும் 500 சாய்வுகளே. ஒன்றிற்கும் அடுத்ததற்கும் இடையே ஏழு விநாடிகள் உண்டு. சோம்பலான உணரியே தாராளமாகப் போதும்.

ஆயினும் இதில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. பல உணரிகளின் வெளிவாய், காந்தம் அருகிலிருக்கும்போது கம்பியைத் தரையோடு இணைப்பது மட்டுமே செய்யும். மேலே இழுக்க நாம் ஒரு மின்தடையைச் சேர்க்கவேண்டும். பழக்கத்தால் 10,000 ஓம் தடையை எடுத்து மாட்டுவோர் பலர். 3 வோல்ட்டில் அதன்வழி ஓடுவது 300 மைக்ரோ ஆம்பியர்! மழையற்ற கோடையில் கிண்ணம் காந்தப் பக்கமே சாய்ந்து கிடந்தால், ஒரு மாதத்தில் மின்கலம் தீர்ந்துவிடும். பத்து இலட்சம் ஓம் தடையையோ, தடையே வேண்டாத இருதிசை வெளிவாய் கொண்ட உணரியையோ தேர்ந்தெடுப்பது நலம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரு முனைகளுக்கும் இணங்கும் உணரியாயின், காந்தம் தலைகீழாக ஒட்டப்பட்டாலும் கேடில்லை. 30 முதல் 60 காஸ் புலத்தில் விழிக்கும் உணரி நமக்கு ஏற்றது. சென்னையில் பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழ 0.4 காஸ் மட்டுமே ஆதலின், அதனால் தொல்லையில்லை. காந்தத்திலிருந்து விலக விலகப் புலம் விரைந்து தேயும். தொலைவு இருமடங்கானால் வலிமை எட்டில் ஒரு பங்காகிவிடக் கூடும். எனவே இடைவெளி சில மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. உணரி 1.8 வோல்ட் வரை இயங்குவதாக இருக்கட்டும். சிறு கார மின்கலங்கள் இரண்டை இணைத்துப் பயன்படுத்துவோர்க்கு இது மிக முக்கியம். அவற்றின் அழுத்தம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும்.

கேளம்பாக்கத்தின் காற்றையும் மறத்தலாகாது. உப்புக் கலந்த கடற்காற்று அது. வலிமை மிகுந்த நியோடிமியக் காந்தம், மேற்பூச்சில் சிறு கீறல் விழுந்தாலே துருப்பிடித்து உதிரத் தொடங்கும். கறுப்பு நிறமான ஃபெரைட் காந்தம் வலிமை குன்றியதே. ஆனால் துருவை அறியாதது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அதன் வலிமை நூற்றுக்கு 0.2 பங்கு குறையும். மே மாத வெயிலில் முப்பது பாகை ஏறினால் ஆறு பங்கு. இதனை முன்கூட்டியே எண்ணி இடைவெளியை அமைத்துவிட்டால் அச்சமில்லை. இவ்வூருக்கு நான் ஃபெரைட்டையே பரிந்துரைப்பேன்.

மின்னோட்டமே உண்ணாத பழைய ரீடு விசை இருக்க ஹால் உணரி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்ட இரு இரும்புத் தகடுகளே அவ்விசை; இன்றும் பல மழைமானிகளில் அதுவே உழைக்கிறது. ஆனால் கம்பியை வளைக்கும்போது கண்ணாடி எளிதில் விரிசல் காணும்; தகடுகள் தொடும்போது துள்ளுவதால் ஒரு சாய்வு இரண்டாகவும் எண்ணப்படும். முதன்முறை செய்யும் மாணவர்க்கு ஹால் உணரி மன்னிக்கும் குணம் உடையது.

கருவி முடிந்ததும் இரு சோதனைகளைச் செய்க. கிண்ணத்தை இருபுறமும் சாய்த்து, இரு நிலைகளிலும் மின்னோட்டத்தைத் தனித்தனியே அளந்து பார்க்க. பின்னர், புனலின் வாய் 20 சென்டிமீட்டர் குறுக்களவுடையதாயின், 628 மில்லிலிட்டர் நீரை அளந்து, சொட்டுச் சொட்டாக அரைமணி நேரம் ஊற்றுக. எண்ணிக்கை நூறாக இருக்கவேண்டும். ஐம்பதாக இருந்தால், காந்தம் எங்கே ஓய்கிறது என்று பார்க்கவும்.